எம்டன்: ஒரு போர்க்கப்பலின் மாதிரியைக் கட்டிக் காட்சிக்கு வைக்கும் முறை

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், 1914 செப்டம்பர் 22 இரவு ஒரு குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் குண்டைச் சுட்டது ஜெர்மானிய இலகு ரகப் போர்க்கப்பலான எம்டன். துணிச்சலும் தந்திரமும் உள்ள ஒருவனை ‘அவன் சரியான எம்டன்’ என்று இன்றும் தமிழில் சொல்கிறோம் என்றால், அரை மணி நேரத்துக்குள் முடிந்துபோன அந்தத் தாக்குதல் இந்த ஊரின் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பது விளங்கும். அந்தக் கப்பலின் மாதிரியை 1:350 அளவில், அதாவது உண்மையில் 350இல் ஒரு பங்காக, கட்ட விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். முறைகளில் பெரும்பாலானவை வேறு எந்தப் பழைய போர்க்கப்பலுக்கும் பொருந்தும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டிய ஒன்று உண்டு: கப்பலின் வாழ்நாளில் எந்த நாளைக் கட்டப்போகிறீர்கள்? இதைத் தீர்மானிக்காமல் பசையைக் கையில் எடுத்தவர்கள் பாதி வேலையில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். டான்ஸிக் கப்பல் கட்டும் தளத்தில் 1908 மே மாதம் நீரில் இறக்கப்பட்ட எம்டன், அமைதிக் காலத்தில் சீனக் கரையிலிருந்த சிங்டாவ் துறைமுகத்தில் வெள்ளை உடலும் மஞ்சள் புகைபோக்கிகளுமாக நின்றது. ‘கிழக்கின் அன்னம்’ என்ற பெயர் அந்தத் தோற்றத்தால் வந்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் அதே கப்பல் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டது. அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தபோது அதன் 3 புகைபோக்கிகளோடு கித்தானால் கட்டிய 4ஆவது போலிப் புகைபோக்கி ஒன்றும் இருந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் அதை யார்மத் என்ற பிரிட்டிஷ் கப்பல் என்று நம்ப வேண்டும் என்பதே நோக்கம். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியின் பீரங்கிகளால் சிதைந்து, வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏறி நின்றது. வண்ணம், புகைபோக்கிகளின் எண்ணிக்கை, அழுக்கின் அளவு, கொடி, பீடம் ஆகிய அனைத்தும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் நாளைப் பொறுத்தே அமையும். நான் தேர்ந்தது செப்டம்பர் 22. பிற நாட்களைப் பற்றி அவ்வப்போது குறிப்பிட்டாலும், கீழே விவரிப்பது அந்த இரவின் எம்டனையே.

படங்களைத் திரட்டும்போது கவனம் தேவை. எம்டனின் உடன்பிறப்பான டிரெஸ்டன் ஏறத்தாழ அதே தோற்றம் கொண்டது. தவிர, பிற்காலத்தில் அதே பெயரை வேறு கப்பல்களுக்கும் சூட்டினார்கள். அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், பெரிய இரும்புச் சிலுவைச் சின்னம் தெரிந்தால் அது 1916இல் வந்த எம்டன். இரண்டே புகைபோக்கிகள் தெரிந்தால் 1925இல் நீரில் இறக்கப்பட்ட எம்டன். மாதிரியின் பாகங்கள் அடங்கிய பெட்டியான கிட்டுக்குள் வரும் வழிகாட்டித் தாளைவிடப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை நம்புவது நல்லது. பாறையில் ஏறிய கப்பலை எடுத்த படங்கள், சிதைந்த நிலையிலும், பீரங்கிகளின் இரும்புக் காப்புகளும் தளத்தின் அமைப்பும் எப்படி இருந்தன என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன.

ரெவெல் நிறுவனம் இந்தக் கப்பலை 1:350 அளவில் பிளாஸ்டிக் கிட்டாக வெளியிட்டிருக்கிறது. உண்மைக் கப்பலின் நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர்; ஆகவே மாதிரி ஏறத்தாழ 33.8 செ.மீ. நீளமும் 3.9 செ.மீ. அகலமும் கொண்டிருக்கும். 1:700 அளவில் இது 17 செ.மீ.க்குள் சுருங்கிவிடும் என்பதால், முதன்முறையாகக் கட்டுபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கருவிகள் அதிகம் வேண்டியதில்லை. கூரான நிப்பர், மாற்றத்தக்க அலகுள்ள கத்தி, நுனி மெல்லிய இடுக்கி, 400 முதல் 1000 வரையிலான நீர் உப்புத்தாள், பின்வைஸ் எனப்படும் கைத்துளைப்பான், நீர்போல் ஓடும் பிளாஸ்டிக் பசை, சூப்பர் குளூ, ஃபெவிகால், நல்ல தூரிகைகள் ஆகியவை போதும். வண்ணத்தைக் காற்றோடு தெளிக்கும் ஏர்பிரஷ் இருந்தால் உடலின் வண்ணம் சீராக அமையும். இல்லாதவர்கள் நீர்த்த வண்ணத்தை நான்கைந்து முறை மெல்லிய பூச்சாகப் பூசினாலும் நல்ல பலன் கிடைக்கும்.

பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டங்களைப் பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்ணம் பின்னால் உரிந்து வரும். ஒவ்வொரு பாகத்தையும் பசையில்லாமல் முதலில் பொருத்திப் பாருங்கள். கப்பலின் உடலை ஒட்டும்போது மாஸ்கிங் டேப்பால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உட்புறத்திலிருந்து பசையை 2 செ.மீ. இடைவெளிகளில் தொட்டு வைத்தால், அது இணைப்பின் வழியே தானாகவே ஊடுருவும். ஒட்டிய உடலைக் கண்ணாடித் தகட்டின் மீது வைத்து முறுக்கல் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும், ஏனெனில் பசை இறுகியபின் திருத்த முடியாது. முழுதாக ஒரு நாள் கழித்து இணைப்பில் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சான பிரைமர் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களையும் பள்ளங்களையும் பிரைமர் வெளிப்படுத்திவிடும்.

அந்த இரவுக்கே உரிய ஒரு நுட்பம் இந்தக் கட்டத்தில் வருகிறது. சென்னைக் கரையிலிருந்த எண்ணெய்க் கிடங்கைக் குண்டு வீசித் தீயிட்ட பின், தளபதி கார்ல் ஃபான் முல்லர் கப்பலின் இடப்பக்க விளக்குகளை எரியவிட்டபடி வடக்கு நோக்கிச் செலுத்தினார். கரையிலிருந்தவர்கள் அதைப் பார்த்தபின் விளக்குகளை அணைத்துவிட்டுத் தெற்கே திரும்பிவிட்டார். அந்த விளக்குகளை மாதிரியில் எரியச் செய்ய வேண்டுமானால், தளத்தை ஒட்டுவதற்கு முன்பே இடப்பக்கத்து வட்டச் சாளரங்களைத் துளைத்துவிட வேண்டும். 35 செ.மீ. விட்டமுள்ள சாளரம் இந்த அளவில் 1 மி.மீ. துளையாகிறது. ஊசிமுனையால் ஒவ்வொரு மையத்திலும் சிறு குழி இட்டுக்கொண்டு, அலகைச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல் விரல்களால் உருட்டியே துளையுங்கள். அழுத்தினால் அலகு வழுக்கி, வரிசை கோணலாகிவிடும், கோணலான ஒரு சாளரம் எவ்வளவு தூரத்திலிருந்தும் கண்ணில் படும். பின்னர் உடலின் உட்புறம் முழுவதும் இரு முறை கறுப்பு வண்ணம் பூசுங்கள், இல்லாவிட்டால் ஒளி பிளாஸ்டிக்கின் ஊடாகவே கசிந்து கப்பல் முழுவதும் பொம்மை விளக்குபோல் ஒளிரும். காய்ந்தபின் துளைகளில் ஃபெவிகாலைத் தொட்டு நிரப்பினால், அது வற்றித் தெளிந்து கண்ணாடிபோல் ஆகும். மஞ்சள் சாயல் கொண்ட இரண்டு சிறிய எல்.இ.டி. விளக்குகளை உரிய ரெசிஸ்டருடன் இணைத்து, முன்னால் டிரேசிங் தாளை ஒட்டி உள்ளே பொருத்தி, கம்பிகளை அடிப்பகுதியில் ஒரு துளை வழியே வெளியே எடுத்துவிடலாம். வலப்பக்கத்துச் சாளரங்களுக்குக் கறுப்பு வண்ணப் புள்ளியே போதும்.

போர்க்கால எம்டனுக்குச் சாம்பல் நிறம். உடலுக்குச் சற்று அடர்ந்த சாம்பலும் மேற்கட்டுமானத்துக்கு வெளிறிய சாம்பலும் கொடுங்கள். இரண்டையும் சில துளி வெள்ளை கலந்து மேலும் வெளிறச் செய்யுங்கள். முழு அளவில் சரியாகத் தெரியும் நிறம் ஒரு சாண் நீளப் பொருளில் கனத்துத் தெரியும். தளத்தையும் உடலையும் வண்ணம் தீட்டி முடித்த பிறகே பீரங்கிகளையும் படகுகளையும் ஒட்ட வேண்டும். 10 முதன்மைப் பீரங்கிகளின் குழாய்கள் உண்மையில் 4.2 மீட்டர் நீளம், மாதிரியில் 12 மி.மீ. வாயின் விட்டம் 0.3 மி.மீ.தான் வரும் என்பதால் அதைத் துளைக்க முயலாமல் கறுப்பு வண்ணத்தைத் தொட்டு வைத்தாலே போதும். கடையில் தனியாகக் கிடைக்கும் பித்தளைக் குழாய்களை வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், அதன் நேர்த்தி பிளாஸ்டிக்கில் வராது.

அழுக்கை அளவோடு பூசுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். எம்டன் 1914 ஆகஸ்ட் தொடக்கத்தில் சிங்டாவைக் கடைசியாக விட்டுப் புறப்பட்டபின் எந்தக் கப்பல் பட்டறைக்கும் திரும்பவில்லை. கூட வந்த மார்கோமானியா போன்ற கப்பல்களிலிருந்து, அலையில் இரண்டும் உரசிக்கொள்ள, மூட்டை மூட்டையாக நிலக்கரி ஏற்றினார்கள். இந்தியப் பெருங்கடல் தீவான டீகோ கார்சியாவில் அடிப்பகுதியைச் சுரண்டித் துப்புரவு செய்தது அக்டோபரில்தான். சென்னைக்கு வந்தது அதற்கு முன்பு. எனவே உடலின் நடுப்பகுதியில் உரசல் தடங்களும், நங்கூரத் துளைக்குக் கீழே துருவின் ஒழுகலும், புகைபோக்கிகளின் வாயில் கரியும் பொருந்தும். ஆனால் ஆள் உயரமே 5 மி.மீ.யாக இருக்கும் இந்த அளவில், 2 மி.மீ. அகலமான துருக்கோடு உண்மையில் 70 செ.மீ. அகலம் என்பதை ஒவ்வொரு முறை தூரிகையைத் தொடும்போதும் நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாக நீர்த்த பழுப்பு வண்ணத்தைக் கீழ்நோக்கி ஒருமுறை இழுத்து, ஈரத் தூரிகையால் பாதியைத் துடைத்துவிடுவதே என் வழக்கம். பினாங்கு நாளைக் கட்டுபவர்கள் போலிப் புகைபோக்கியை மட்டும் வழவழப்பான குழாயால் செய்யாமல், அதன் மீது நீர்த்த ஃபெவிகாலில் நனைத்த டிஷ்யூ தாளைச் சுற்றிவிட்டால் கித்தானின் சுருக்கம் கிடைக்கும்.

தட்பவெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் முதன்முறை எம்டனைக் கட்டியபோது, நவம்பர் மழை மாலையொன்றில் அவசரப்பட்டுப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்தேன். காலையில் பார்த்தபோது கப்பல் முழுவதும் பால் படர்ந்ததுபோல் வெளுத்திருந்தது. காற்றிலிருந்த ஈரம் வார்னிஷ் படலத்துக்குள் சிக்கிக்கொண்டதே காரணம். நான்கு நாள் காத்திருந்து, வெயிலடித்த நண்பகலில் அதே வார்னிஷை மிக மெல்லியதாக மறுபடி அடித்தபோது கீழ்ப்படலம் இளகி, பெரும்பகுதி தெளிந்தது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் மழை மாதங்களில் கட்டுமான வேலையை வைத்துக்கொண்டு, பூச்சு வேலையைத் தை, மாசிக்குத் தள்ளிப்போடுவது நல்லது. சூப்பர் குளூ, பிளாஸ்டிக் பசை, வார்னிஷ் எதுவானாலும் சன்னலைத் திறந்துவைத்தே பயன்படுத்துங்கள்.

கைப்பிடி வேலிகளுக்கு அரித்தெடுத்த பித்தளைத் தகடுகள் கிடைக்கின்றன. தகட்டிலேயே வண்ணம் அடித்துவிட்டு, ஓட்டுத் துண்டு போன்ற கடினமான பரப்பின் மீது வைத்து வெட்டி, சிறு சிறு நீளங்களாக ஒட்டுங்கள். சூப்பர் குளூவைவிடக் கெட்டியான ஃபெவிகால் இதற்கு ஏற்றது, ஏனெனில் நேராக்கிச் சரிசெய்ய நேரம் கொடுக்கிறது.

கம்பங்களைப் பித்தளைக் கம்பியால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கயிறு இழுக்கும்போது பிளாஸ்டிக் வளைந்துவிடும். கயிறு என்பது வேறெங்கும் வாங்க வேண்டிய பொருளன்று. பாகங்கள் இருந்த சட்டத்தின் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு 3 செ.மீ. மேலே பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். நடுப்பகுதி பளபளத்துத் தொய்யத் தொடங்கும் கணத்தில் சுடரிலிருந்து விலக்கி, ஒரு நொடி பொறுத்து, இரு கைகளையும் சீராக விரித்தால், சிலந்தி நூல்போன்ற இழை நீளும். வேகமாக இழுத்தால் மெலியும், நிதானித்தால் தடிக்கும். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 0.07 மி.மீ.; இந்த அளவில் அது 2.5 செ.மீ. தடித்த கயிறாகிறது. கம்பத்தைத் தாங்கும் கயிறுகளுக்கு அது சரி, இரு கம்பங்களுக்கிடையே ஓடும் கம்பியில்லாத் தந்தியின் ஆன்டெனாவுக்கு அதைவிட மெல்லிய இழை வேண்டும். எதிரிக் கப்பல்களின் செய்திகளை ஒட்டுக்கேட்டே எம்டன் இத்தனை நாள் தப்பித்தது என்பதால், அந்த ஆன்டெனாவை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

பீடத்துக்கு 45 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலமுள்ள பலகை எடுத்து, அதன் மீது 2 செ.மீ. கனமுள்ள அடர்த்தியான ஃபோம் அட்டையை ஒட்டுங்கள். தெர்மோகோலின் மணிகள் மேற்பரப்பைக் கெடுக்கும். எம்டன் 5.5 மீட்டர் ஆழம் நீரில் அமிழ்ந்து மிதந்தது, அதாவது மாதிரியில் ஏறத்தாழ 16 மி.மீ. ஃபோமில் அந்த ஆழத்துக்கு உடலின் வடிவத்தில் குழி வெட்டிவிட்டால், கப்பலின் அடிப்பகுதியை அறுக்காமலேயே அதைக் கடலில் இறக்கிவிடலாம். மேலே கசக்கிய டிஷ்யூ தாளை நீர்த்த ஃபெவிகாலில் ஒட்டி, வங்கக் கடலின் நீண்ட, தாழ்ந்த அலைகளை விரலால் தள்ளி உருவாக்குங்கள். இரவுக் கடலுக்குக் கருநீலத்தோடு கறுப்பும் சிறிது பச்சையும் கலந்து அடித்து, பளபளப்பான அக்ரிலிக் ஜெல்லை மூன்று அடுக்காகப் பூசுங்கள். ஜெல் ஈரமாக இருக்கும்போதே கப்பலை அதில் பதித்துவிட்டால், உடலுக்கும் நீருக்கும் இடையே கோடு தெரியாது.

தூசியே மாதிரிக் கப்பலின் முதல் எதிரி, ஆகவே கண்ணாடி அல்லது அக்ரிலிக் பெட்டி கட்டாயம். பலகைக்குப் பாலிஷ் போட்டிருந்தால் அதன் மணம் முற்றிலும் போன பிறகே பெட்டியை மூடுங்கள், அடைபட்ட ஆவி வண்ணத்தைக் கெடுக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பீடத்தின் அடியில் மறைத்து வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நேரடி வெயில் படும் சன்னலருகே வைக்காதீர்கள்.

பெட்டியை அறையின் கிழக்குச் சுவரில், கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, அணியம் இடக்கைப் பக்கம் இருக்கும்படி வையுங்கள். கிழக்கே பார்த்து நிற்பவரின் இடப்புறம் வடக்கு. அப்போது விளக்கெரியும் இடப்பக்கம் அவரை நோக்கியிருக்க, கப்பல் வடக்கே போவதாகவே தெரியும். 1914இல் அந்த இரவில் கடற்கரையில் நின்றவர்கள் பார்த்த பக்கமும் திசையும் அவையே.