நெட்வொர்க் ஷேர்ல எழுத முடியலையா? 777 அடிக்கறதுக்கு முன்னாடி

லினக்ஸ்ல ஷேரை (வேற மெஷின் நெட்வொர்க்ல பகிர்ற ஃபோல்டர்) மவுண்ட் பண்ணியாச்சு, அதாவது நம்ம மெஷின்ல ஒரு ஃபோல்டர் மாதிரி இணைச்சாச்சு, ஃபைல் எல்லாம் தெரியுது, திறக்கவும் முடியுது, ஆனா சேவ் பண்ணப் போனா மட்டும் 'பர்மிஷன் டினைட்'. உடனே நிறைய பேருக்கு கை போறது சிமோட் 777க்குத்தான், அதாவது எல்லாருக்கும் எல்லா உரிமையும் குடுக்கற கமாண்டுக்கு. அங்கதான் சிக்கலே ஆரம்பிக்குது.

விண்டோஸ் ஷேரு, சாம்பா (லினக்ஸ்ல இருந்து விண்டோஸ் மாதிரி ஷேர் குடுக்கற சாஃப்ட்வேர்) ஷேரு எல்லாம் சிஐஎஃப்எஸ்ங்கற முறையில மவுண்ட் ஆகுது இல்லையா, அதுல எல்எஸ் -எல் கமாண்ட் காட்டற ஓனர், மோட் (யார் படிக்கலாம், எழுதலாம்ங்கற உரிமை) எல்லாம் பெரும்பாலும் சர்வர்ல நிஜமா இருக்கறது கிடையாது, மவுண்ட் பண்ணும்போது குடுத்த ஆப்ஷனை வச்சு உங்க மெஷினே போட்டுக்கற வேஷம். அதனால சிமோட் அடிச்சா எரர் கூட வராம போயிடும், திரும்பப் பாத்தா மோட் பழையபடியே நிக்கும், ஓனரும் ரூட்னே (அட்மின்) இருக்கும். சுடோ போட்டு, அதாவது ரூட்டா, மவுண்ட் பண்றோம், யுஐடி (யூசர் நம்பர்), ஜிஐடி (குரூப் நம்பர்) எதுவும் சொல்லல, அப்போ எல்லாம் ரூட் பேர்லதானே வரும்? யுஐடி=1000, ஜிஐடி=1000, ஃபைல்_மோட்=0664, டிர்_மோட்=0775 இப்படி மவுண்ட் ஆப்ஷன்லயே குடுக்கணும். 1000ங்கறத அப்படியே காப்பி அடிக்காதீங்க, ஐடின்னு கமாண்ட் அடிச்சு உங்க நம்பர் என்னன்னு பாத்துட்டுப் போடுங்க. மாத்தினதுக்கு அப்புறம் ரீமவுண்ட்டை நம்பாம, முழுசா அன்மவுண்ட் பண்ணிட்டு திரும்ப மவுண்ட் பண்றதுதான் நல்லது.

இன்னொரு தப்பு, தடுக்கறது யாருன்னு பாக்காமலே ரெண்டு பக்கமும் மாத்திக்கிட்டே இருக்கறது. சிஐஎஃப்எஸ்னா சுடோ போட்டு ஒரு டச் (வெத்து ஃபைல் உருவாக்கற கமாண்ட்) அடிச்சுப் பாருங்க. ஃபைல் உருவாச்சுன்னா பிரச்சனை உங்க மெஷின்ல, மேல சொன்ன ஆப்ஷன் போதும். ரூட்டுக்கும் முடியலன்னா சர்வர்தான் விடமாட்டேங்குது, இங்க என்ன தலைகீழா நின்னாலும் வேலைக்கு ஆகாது. 'ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்'னு வந்தா அது வேற கதை, பெரும்பாலும் மவுண்ட்டே ஆர்ஓ-வா (படிக்க மட்டும்) ஆகியிருக்கும்.

சாம்பா சர்வர்ல ரீட் ஒன்லிங்கற செட்டிங் சொல்லலன்னா 'யெஸ்'தான், அதை 'நோ' ஆக்கணும். ஆக்கினா மட்டும் பத்தாது, அந்த ஃபோல்டர்ல, லாகின் பண்ற யூசருக்கு லினக்ஸ் பர்மிஷனும் இருக்கணும், ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் எழுத முடியாது. எஸ்ஈலினக்ஸ் (லினக்ஸோட கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) ஓடற சர்வர்னா அந்த ஃபோல்டரோட லேபிளையும் ஒரு தடவ பாத்துடுங்க.

நோபெர்ம்ங்கற மவுண்ட் ஆப்ஷனைப் போடுன்னு சிலர் சொல்வாங்க. அது உங்க மெஷின் பண்ற செக்கை மட்டும் நிறுத்தும், அவ்ளோதான். பல பேர் லாகின் பண்ற மெஷின்ல போட்டா எல்லாரும் உங்க அக்கவுன்ட் பேர்ல எழுதுவாங்க, எனக்கு அது பிடிக்காது.

என்எஃப்எஸ்ல (லினக்ஸ் மெஷின்களுக்குள்ள ஷேர் பண்ற இன்னொரு முறை) யுஐடி ஆப்ஷனே கிடையாது. சாதாரண செட்டப்புல சர்வர் பாக்கறது யூசர் பேரை இல்ல, நம்பரை. இங்க 1000, அங்க 1001னா ஒரே பேரா இருந்தாலும் நீங்க வேற ஆளு. ரூட் ஸ்குவாஷ்ங்கற பாதுகாப்பு வழக்கமா இருக்கறதால சுடோ டெஸ்ட்டும் இங்க ஏமாத்தும், ரூட்டா போனாலும் சர்வர் நோபடியாதான் (உரிமை இல்லாத யூசர்) நடத்தும். அதுக்காக நோ_ரூட்_ஸ்குவாஷ் போடாதீங்க, அந்த மெஷின்ல ரூட் கெடச்சவன் ஷேர் முழுக்க ராஜா ஆயிடுவான். நம்பரை ஒண்ணாக்குங்க, சர்வரோட எக்ஸ்போர்ட்ஸ் ஃபைல்ல (ஷேர் பட்டியல்) ஆர்டபிள்யூ (எழுத அனுமதி) இருக்கான்னு பாருங்க, மாத்தினா எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ அடிச்சு அதை அமலாக்குங்க.

ஷேர் பாஸ்வேர்டை எஃப்எஸ்டேப்லயே (பூட் ஆகும்போது என்ன மவுண்ட் ஆகணும்னு சொல்ற ஃபைல்) எழுதறதும் வேணாம், அதை யாரும் படிக்கலாம். தனி கிரெடென்ஷியல்ஸ் ஃபைல்ல வச்சு அதுக்கு 600 (ஓனர் மட்டும் படிக்க, எழுத) குடுங்க, சிமோட்டுக்கு இங்கதான் உருப்படியான வேலை.

கடைசியா, எழுத முடிஞ்சதுன்னா ஷேர் நிஜமாவே மவுண்ட் ஆகியிருக்கான்னு மவுண்ட் கமாண்ட் அடிச்சுப் பாத்துக்கோங்க. ஆகலன்னா அந்த ஃபைல் எல்லாம் உங்க லோக்கல் டிஸ்க்லதான் உக்காந்திருக்கும், அப்புறமா ஷேர் மவுண்ட் ஆனதும் அதுக்கு அடியில மறைஞ்சிடும்.