க்ளோஸ்ட்-பேக் ஹெட்ஃபோன்களை ஒப்பிடுவதும் பொருத்தமான ஆம்ப் தேர்வதும்

லட்ச ரூபாயைத் தாண்டும் க்ளோஸ்ட்-பேக் (கப்பின் வெளிப்புறம் மூடியிருக்கும்) ஹெட்ஃபோன் ஒன்றை வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, "இதுக்கு எத்தனை வாட் ஆம்ப் வேணும்?" என்பதுதான். ஆம்ப்பை (ஹெட்ஃபோனை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரை) வாட்டை மட்டும் வைத்துத் தேடினால் பணம் தவறான இடத்துக்குப் போகும். தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: எத்தனை வோல்ட் தேவை, எத்தனை மில்லியாம்பியர் தேவை, ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் (அதன் வெளியீட்டு முனையில் உள்ள மின்தடை, ஓமில்) எவ்வளவு. இந்த மூன்றுக்கும் முன்பாக, பேட் (காதைச் சுற்றி அமரும் மெத்தை) உங்கள் தலையில் காற்றுப் புகாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். அது சரியில்லை என்றால் எந்த ஆம்ப்பும் உதவாது.

பேட் உட்காருவதிலிருந்தே தொடங்குவோம். க்ளோஸ்ட்-பேக்கில் பாஸ் முழுக்கக் காதைச் சுற்றியுள்ள அடைப்பை நம்பியிருக்கிறது. மூக்குக் கண்ணாடியின் தண்டு, காதோரத் தடித்த முடி, தாடையெலும்புக்குக் கீழே விழும் சிறு இடைவெளி, இவற்றில் ஒன்று போதும், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பல டெசிபல் காணாமல் போகும். சோதிப்பது எளிது. 30 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை மெதுவான அளவில் ஓடவிட்டு, இரு கப்களையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். ஒலி சட்டென்று கூடினால் கசிவு இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கூடினால் அந்தப் பக்கத்தில்தான் கசிவு. இடம் வலம் சமமில்லை என்று ஹெட்ஃபோன் மீது வரும் புகார்களில் பல இதனால்தான். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடும் இல்லாமலும் இதைச் செய்து பார்த்துவிட்டே வாங்க வேண்டும். செனைசர் எச்டி 820 இந்த விஷயத்தில் மிகவும் நுணுக்கமானது: 300 ஹெர்ட்ஸ் பக்கம் அதில் இயல்பாகவே ஒரு பள்ளம் உண்டு, அடைப்பும் சரியில்லாமல் போனால் குரல் மெலிந்து கேட்கும்.

எடையையும் சேர்த்து எண்ணுங்கள். எச்டி 820 360 கிராம், டெனான் ஏஎச்-டி9200 375, சோனி எம்டிஆர்-இசட்1ஆர் 385, டான் கிளார்க் ஆடியோ ஸ்டெல்த் 415, ஃபோக்கல் ஸ்டெலியா 435. ஆடிஸி எல்சிடி-எக்ஸ்சி 650 கிராமைத் தாண்டும். கடையில் பத்து நிமிடம் கேட்கும்போது தெரியாத எடை, இரண்டு மணி நேரத்தில் கழுத்தில் தெரியும்.

இனி கணக்கு. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "300 ஓம் என்றால் ஓட்டுவது கடினம், 23 ஓம் என்றால் எளிது" என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. எச்டி 820-இன் இம்பிடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) 300 ஓம். ஸ்டெல்த் 23 ஓம். உச்ச ஒலி 110 டெசிபல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 75 டெசிபலில் கேட்டால், பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் திடீர் எழுச்சிக்குக்கூட இது தாராளம். சராசரியை அதற்கு மேல் கொண்டுபோகவும் வேண்டாம்: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பே 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்தான்.

கணக்கு போடும் முறை:

1. 110-இலிருந்து சென்சிட்டிவிட்டியை (1 மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் ஒலி என்ற எண்ணை) கழியுங்கள். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பவர் பத்து மடங்கு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இரு மடங்கு. 1 மில்லிவாட்டிலிருந்து இப்படிப் பெருக்கினால் தேவையான பவர் கிடைக்கும்.
2. அந்தப் பவரை வாட்டாக்கி இம்பிடன்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட்.
3. வோல்ட்டை இம்பிடன்ஸால் வகுத்தால் ஆம்பியர்.

ஸ்டெல்த்தின் சென்சிட்டிவிட்டி மில்லிவாட்டுக்குச் சுமார் 86 டெசிபல். 24 டெசிபல் கூட வேண்டும், ஆக ஏறத்தாழ 250 மில்லிவாட், 2.4 வோல்ட், 104 மில்லியாம்பியர். எச்டி 820-க்கு 2.24 வோல்ட், 7.5 மில்லியாம்பியர், 17 மில்லிவாட். வோல்ட் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மின்னோட்டம் பதினான்கு மடங்கு வேறு. எச்டி 820-ஐ ஓட்ட, வோல்ட்டை உயர்த்தத் தெரிந்த சிறு ஆம்ப் போதும். ஸ்டெல்த்துக்கு மின்னோட்டத்தைத் தளராமல் தள்ளும் ஆம்ப் வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. செனைசர் எச்டி 820-க்குத் தரும் 103 டெசிபல் 1 வோல்ட்டுக்கான கணக்கு, 1 மில்லிவாட்டுக்கானது அல்ல. 300 ஓமில் 1 வோல்ட் என்பது 3.3 மில்லிவாட், ஆகவே மில்லிவாட் கணக்கில் அது சுமார் 98. இதைக் கவனிக்காமல் 103-ஐ அப்படியே போட்டால் தேவையான வோல்ட் கிட்டத்தட்ட பாதியாகத் தெரியும். பிறகு ஆம்ப்பைக் குறை சொல்லத் தோன்றும். எந்த நிறுவனத்தின் எண்ணை எடுத்தாலும் அதன் அலகை முதலில் படியுங்கள்.

மற்றவை இதைவிட மிக எளிது. ஸ்டெலியா (35 ஓம், 106 டெசிபல்) வெறும் 2.5 மில்லிவாட்டில், 0.3 வோல்ட்டில் 110-ஐத் தொடும். டி9200 (24 ஓம், 105) ஏறக்குறைய அதே. இசட்1ஆர் (64 ஓம், 100) 0.8 வோல்ட், எல்சிடி-எக்ஸ்சி (20 ஓம், 100) 0.45 வோல்ட். இவற்றுக்காகப் பல வாட் ஆம்ப் வாங்குவது வீண். சில வேளைகளில் கெடுதலும்கூட.

ஆம்ப்பின் விவரக்குறிப்பை இதே கண்ணால் படியுங்கள். "32 ஓமில் 1 வாட்" என்றால் 5.66 வோல்ட், 177 மில்லியாம்பியர். அதே ஆம்ப் 300 ஓமில் 107 மில்லிவாட்தான் தரும். எச்டி 820-க்கு அதுவே ஆறு மடங்கு. 23 ஓமில் 177 மில்லியாம்பியரே அதன் எல்லை என்றால் 0.72 வாட்டோடு நிற்கும். ஸ்டெல்த்துக்கு அதுவும் போதும், ஆனால் ஈக்வலைசரில் பாஸை 5 டெசிபல் ஏற்றினால் தேவை 250-லிருந்து 790 மில்லிவாட்டாகிறது. அப்போது உச்சங்களில் ஒலி வெட்டப்பட்டு கரகரக்கும். ஈக்வலைசர் போடும் பழக்கம் இருந்தால் முதலிலேயே அந்த டெசிபலையும் கூட்டிக் கணக்கிடுங்கள். ஈக்வலைசர் மென்பொருளில் ப்ரீஆம்ப்பை (மொத்த ஒலி அளவை) அதே அளவு, அதாவது மைனஸ் 5 டெசிபல், இறக்கவும் மறக்காதீர்கள். இல்லையென்றால் ஆம்ப்புக்குப் போகும் முன்பே டிஜிட்டலில் வெட்டுப்படும்.

அவுட்புட் இம்பிடன்ஸ் ஹெட்ஃபோனின் இம்பிடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பழகிய விதி: டி9200-க்கு 3 ஓம், ஸ்டெலியாவுக்கு 4 ஓமை ஒட்டி, எச்டி 820-க்கு 37 ஓம் வரை. காரணம் இது. டைனமிக் டிரைவரின் (கம்பிச் சுருளால் அசைந்து ஒலி எழுப்பும் பகுதியின்) இம்பிடன்ஸ், அது இயல்பாகவே அதிகம் அதிரும் பாஸ் ரெசனன்ஸில் மேடாக உயரும். நடுப்பகுதியில் 30 ஓமும் பாஸில் 60 ஓமும் உள்ள ஒரு ஹெட்ஃபோனை 30 ஓம் அவுட்புட்டில் செருகினால், நடுப்பகுதி 6 டெசிபல் இழக்கும், பாஸ் 3.5 டெசிபல்தான் இழக்கும். ஆக பாஸ் 2.5 டெசிபல் உப்பிக் கேட்கும். 1 ஓம் அவுட்புட்டில் இந்த வேறுபாடு 0.14 டெசிபல், காதுக்கு எட்டாது. "ட்யூப் ஆம்ப்பில் பாஸ் கனமாக வருகிறது" என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்த வகுத்தல்தான். க்ளோஸ்ட்-பேக்கில் பாஸ் ஏற்கெனவே சற்றுத் தூக்கலாக இருப்பது வழக்கம். இசட்1ஆர் அதற்குத் தெளிவான உதாரணம். அதன் மேல் இதுவும் சேர்ந்தால் மிருதங்கத்தின் தொப்பி மூட்டமாகிவிடும். ஸ்டெல்த், எல்சிடி-எக்ஸ்சி போன்ற ப்ளேனர்களில் (தட்டையான மெல்லிய படலம் அதிரும் வகையில்) இம்பிடன்ஸ் தட்டையாக இருப்பதால் தொனி மாறாது. ஒலி அளவும் பவரும்தான் குறையும். ஆகவே அவுட்புட் இம்பிடன்ஸ் அதிகமுள்ள, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் ட்யூப் ஆம்ப் எச்டி 820 போன்ற 300 ஓம் ஹெட்ஃபோனுக்குப் பொருந்தும். 20-30 ஓம் ப்ளேனருக்கு அது சரியான துணை அல்ல.

இரைச்சல் பிரச்சினை நேர் எதிர்த் திசையில் வருகிறது. ஸ்டெலியாவுக்கு 1 வோல்ட் கொடுத்தால் 120 டெசிபலைத் தாண்டும். 20 மைக்ரோவோல்ட் இரைச்சல் உள்ள ஆம்ப்பில் அது சுமார் 26 டெசிபல் "ஸ்ஸ்" ஒலியாகும். அமைதியான அறையில், வெளிச்சத்தம் அடைபட்ட காதுக்கு நன்றாகவே கேட்கும். அதே ஆம்ப்பில் ஸ்டெல்த்தைப் போட்டால் 8 டெசிபல், கேட்காது. ஸ்டெலியா, டி9200 போன்றவற்றுக்கு இரைச்சல் சில மைக்ரோவோல்ட்டுக்குள் இருக்கும் ஆம்ப், லோ கெயின் (ஆம்ப் ஒலியைக் குறைவாகப் பெருக்கும் நிலை), இரண்டும் அவசியம். ஹை கெயினில் வால்யூம் குமிழ் எட்டு மணி நிலையிலேயே போதுமென்றாகிவிடும். சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டர்கள் அந்தத் தொடக்கப் பகுதியில் இடம் வலம் சமமாக இருப்பதில்லை; பாடகர் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார். குமிழ் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் நிற்கும்படி கெயினைத் தேர்ந்தெடுங்கள். குறைந்த கெயினிலும் அதிகமென்றால் டாக்கின் (டிஜிட்டல் இசையை மின்னலையாக மாற்றும் கருவியின்) டிஜிட்டல் வால்யூமை 10 டெசிபல் இறக்குங்கள். கணினியோடு யூஎஸ்பியில் இணைத்ததும் ரீங்காரம் வந்தால் அது எர்த் லூப் (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகிவிடுவது). டாக்குக்கு ஆப்டிகல் கேபிளில் கொடுத்தால் அநேகமாகப் போய்விடும்.

பேலன்ஸ்ட் அவுட்புட் (இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனி பாசிட்டிவ், நெகட்டிவ் உள்ளது) பற்றி ஒரு எச்சரிக்கை. ஹெட்ஃபோனின் பேலன்ஸ்ட் கேபிளை அடாப்டர் வைத்து 6.35 மி.மீ. துளையில் செருகலாம். மறுபுறமாக, 6.35 மி.மீ. முனையுள்ள கேபிளை 4.4 மி.மீ. அல்லது எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்ட் துளைக்கு மாற்றும் அடாப்டரை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். இரு பக்க நெகட்டிவ் அவுட்புட்களும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகி ஆம்ப் எரிந்துபோகலாம்.

ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமன் செய்யாவிட்டால், சற்று உரக்கக் கேட்பது "தெளிவாக" தோன்றும். இரண்டு ஆம்ப்களை ஒப்பிட 300 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஒய் ஸ்ப்ளிட்டர் வழியாக ஹெட்ஃபோன் செருகியிருக்கும்போதே மல்டிமீட்டரின் ஏசி வோல்ட்டில் அளவிடுங்கள். ஹெட்ஃபோனைக் கழற்றி அளந்தால், அவுட்புட் இம்பிடன்ஸ் அதிகமுள்ள ஆம்ப் தவறான எண்ணைக் காட்டும். வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்: ஒன்றில் 0.300 என்றால் மற்றதில் 0.297-க்கும் 0.303-க்கும் நடுவில். மீட்டர் முனைகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஹெட்ஃபோன்களை ஒப்பிட இது பொருந்தாது. தடித்த அட்டையைப் பேட்டைவிடச் சற்றுப் பெரிய வட்டமாக வெட்டி, நடுவில் மைக் அளவுக்குத் துளையிட்டு, பேட்டை அதன் மேல் கசிவில்லாமல் வைத்து, பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டு, போன் மைக்கில் இரண்டும் ஒரே எண் காட்டும்படி வையுங்கள். ஒரு டெசிபல் பிழை இருக்கும். அதைக் காதால் சரிசெய்யலாம். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரே இருபது வினாடித் துண்டைக் கேளுங்கள்: தனிக் குரல், தம்புரா சுருதி, தாழ்ந்த பாஸ், திடீரென உரக்கும் பகுதி. குரலில் மூக்கடைத்த தொனி வந்தால் கப்பின் எதிரொலியைச் சந்தேகியுங்கள். அதைச் சமாளிக்க ஒவ்வொரு நிறுவனமும் வேறு வழி எடுத்திருக்கிறது: எச்டி 820-இல் வளைந்த கண்ணாடி ஒலியைத் திருப்பி உறிஞ்சிகளுக்கு அனுப்புகிறது, ஸ்டெல்த்தில் டிரைவருக்கும் காதுக்கும் நடுவே உள்ள மெட்டாமெட்டீரியல் (நுண்ணிய அமைப்பால் ஒலியைக் கட்டுப்படுத்தும்) தட்டு உயர் அதிர்வெண் நிலையலைகளை அடக்குகிறது.

வாங்கும் வரிசை இப்படி அமையட்டும்: முதலில் உங்கள் தலையில் அடைப்பு சரியாக அமையும் ஹெட்ஃபோன், பிறகு மேலே சொன்ன வோல்ட்-மில்லியாம்பியர் கணக்குக்கு இரண்டு மடங்கு இருப்பு உள்ள, 1-2 ஓம் அவுட்புட் ஆம்ப். மீதிப் பணத்தை மாற்றுப் பேட் ஒரு ஜோடிக்கு ஒதுக்குங்கள். தேய்ந்து தட்டையான பேட் டிரைவரைக் காதுக்கு அருகில் கொண்டுவந்து அடைப்பையும் கெடுக்கும். மாற்றும்போது அதே நிறுவனத்தின் பேட்டையே வாங்குங்கள். தடிமனோ துளைகளோ மாறினால் ஹெட்ஃபோனின் ஒலியே மாறிவிடும்.