பழைய காருக்கு ஏற்ற கூலண்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய கார்களில் பெரும்பாலானவற்றின் ரேடியேட்டர் செம்பாலும் பித்தளையாலும் செய்யப்பட்டு, ஈயம் கலந்த பற்றாசினால் (சோல்டர்) இணைக்கப்பட்டது; எஞ்சின் பிளாக் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டை வாங்கும்போது மனத்தில் கொள்ள வேண்டியவை இந்த உலோகங்களே. பச்சை, நீலம், சிவப்பு என்ற நிறம் வெறும் சாயம்தான். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், நிறத்தை நம்பி வாங்குவது ஆபத்தானது.

டப்பாவில் ஐ.ஏ.டி. என்று குறிக்கப்படும், சிலிகேட் போன்ற கனிம உப்புகள் சேர்ந்த எத்திலீன் கிளைக்கால் கூலண்டையே இத்தகைய எஞ்சின்களுக்கு நான் பரிந்துரைப்பேன். சிலிகேட் உலோகப் பரப்பில் விரைவாக மெல்லிய காப்புப் படலமாகப் படிந்து அரிப்பைத் தடுக்கிறது. அது செலவழிந்துவிடும் என்பதால், வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூலண்டை மாற்றியாக வேண்டும். கரிம அமிலங்களைக் கொண்ட ஓ.ஏ.டி. வகை 5 ஆண்டுகள்வரை உழைக்கும் என்றாலும், ஈயப் பற்றாசுக்கும் பழைய சீல்களுக்கும் அது ஒத்துவராமல் போகலாம். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள்; கலவை கூழாகத் திரண்டு, ரேடியேட்டரின் குறுகிய குழாய்களை அடைத்துவிடக்கூடும்.

எஞ்சின் சூடாகிறது என்பதற்காகக் கிளைக்காலைக் கூடுதலாக ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீரே சிறந்தது. கிளைக்கால் கொதிநிலையை உயர்த்தி, உறைநிலையைத் தாழ்த்துகிறது. சரிபாதிக் கலவை சுமார் -37 டிகிரி செல்சியஸ்வரை உறையாது; சாதாரண அழுத்தத்தில் 107 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். உறைபனியே இல்லாத இடங்களில் கிளைக்காலை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் அரிப்புத் தடுப்பும் நீர்த்துப்போகும். கலப்பதற்குக் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள், ஏனெனில் கடின நீரின் உப்புகள் உள்ளே படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும்.

உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரேடியேட்டர் மூடியும் கொதிநிலையை உயர்த்துவதில் பங்கு வகிக்கிறது. அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடும்போது கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயரும். அதற்காக, 7 பி.எஸ்.ஐ. மூடிக்கென வடிவமைத்த ரேடியேட்டரில் 15 பி.எஸ்.ஐ. மூடியைப் பொருத்தினால், பழைய பற்றாசு இணைப்புகளும் ஹோஸ்களும் பிளந்துகொள்ளக்கூடும்.

புதிய கூலண்டை ஊற்றுவதற்கு முன், எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்த பிறகு, ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, ரேடியேட்டரையும் பிளாக்கையும் தனித்தனியே வடியவிட்டு, வெளிவரும் நீர் தெளியும்வரை அலச வேண்டும். அப்போது துருச்சேறு வெளியே வந்துகொண்டே இருந்தால், காரின் சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அடைப்பே. எந்தக் கூலண்டும் அதைத் தீர்க்காது. வடித்த பழைய திரவத்தை உடனே மூடிய கலனில் வைத்துவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும்; பூனையும் நக்கக்கூடும். சிறிதளவே அவற்றின் உயிரைப் பறிக்கும்.