செல்லோவுக்கும் ஒரு சீட்

முதல் தடவை விமானத்தில் போனபோது செல்லோவை, அதாவது வயலின் போலவே இருக்கும் என் பெரிய தந்திக் கருவியை, கெட்டியான பெட்டியில் வைத்து லக்கேஜாகப் போட்டுவிட்டேன். இறங்கித் திறந்து பார்த்தால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் சரிந்து கிடந்தது, உள்ளே நிற்கும் சின்ன மரக்குச்சியான சவுண்ட் போஸ்ட் கழன்று கடகடவென உருண்டது, கழுத்தின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். அழுதே விட்டேன்.

அடுத்த பயணத்துக்கு அதற்கும் ஒரு சீட் வாங்கினேன். இதை ஆன்லைனில் செய்யாமல் விமான நிறுவனத்துக்குப் போன் பண்ணுவதுதான் நல்லது, ஏனென்றால் இரண்டாவது சீட் ஆளுக்கு இல்லை, கருவிக்கு என்று புக்கிங்கில் 'சிபிபிஜி' (CBBG, சீட்டில் வைக்கும் கேபின் பேக்கேஜ்) குறியீடு ஏற வேண்டும், பெட்டியின் நீள அகலம், எடை எல்லாம் கேட்பார்கள், அதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதி வாங்கி பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் தெரியாது என்றவரிடம் அந்தத் தாளைத்தான் நீட்டினேன்.

ஜன்னலோர சீட்தான் கொடுப்பார்கள், யார் வெளியேறும் வழியையும் அது மறிக்கக் கூடாதே. பெல்ட் எட்டாது, எக்ஸ்டென்ஷன் கேளுங்கள்.

அப்புறம் தந்திகள். லேசாகத் தளர்த்தினால் போதும். முழுக்கத் தளர்த்தினால் அழுத்தம் போய் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடலாம். பிரிட்ஜுக்கு இரண்டு பக்கமும் மெல்லிய துணியைச் செருகினேன்.

இறங்கியதும் ஏ தந்தியை மீட்டினேன், கொஞ்சம்தான் சுருதி இறங்கியிருந்தது.