நகரக் கொள்கை ஆய்வில் தொடர்பாடல் வேலை: மட்டக்களப்பிலிருந்தே தொடங்குவது எப்படி?

எழுத்தை நம்பி வேலைக்குப் போக நினைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நகரக் கொள்கை ஆய்வு என்பது வீதி, வடிகான் போன்ற நகர வேலைகளை எப்படி நடத்துவது என்று ஆராய்வது. அதில் தொடர்பாடல் பொறுப்பில் இருப்பவர், ஆய்வாளர் கண்டறிந்ததை முடிவெடுப்பவரின் மேசைக்கும் ஊர்ச்சனத்தின் கைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். இப்படி ஆய்வு செய்யும் நிறுவனங்கள் பெரும்பாலும் கொழும்பில்தான். ஆனால் தொழிலை இங்கிருந்தே பழகலாம்.

முதலில் ஒரேயொரு பிரச்சினையை எடுங்கள். நகர அபிவிருத்தி முழுவதையும் தூக்கவேண்டாம். 'மாரியில் எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் ஏன் வடிவதில்லை?' இது போதும்.

அடுத்தது ஆவணம். மாநகர சபையின் வரவு செலவுத் திட்டம், வடிகான் வேலைகளின் விவரம் ஆகியவற்றைக் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் முடிவைச் சொல்லவேண்டும்.

மூன்றாவது, பொறுப்பு யாருடையது என்று பார்ப்பது. இதில்தான் அதிக நேரம் செலவிடவேண்டும், அதுவும் நடந்து பார்த்து. கல்லடிப் பக்கம் பிரதான வீதி ஏ4. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வருகிறது. உள் ஒழுங்கைகள் மாநகர சபையின் பொறுப்பு. ஒழுங்கை வடிகான் பிரதான வீதி வடிகானில் விழும் இடத்தில் மண் அடைத்துக் கிடந்தால், ஒரு அலுவலகம் மற்றதைக் கைகாட்டிவிடலாம். சில நேரம் வடிகானில் குறையே இருக்காது. வாவி நிரம்பி நிற்கும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்த மணலை வெட்டும்வரை நீர் இறங்காது. எப்போது வெட்டுவது என்ற பேச்சில் வயல்காரரும் மீனவரும் வருவார்கள். அடைத்த வடிகான், கைகாட்டும் அலுவலகங்கள், நிரம்பிய வாவி, இவை மூன்றும் மூன்று வேறு பிரச்சினைகள். கலந்து எழுதினால் யாருக்கும் உதவாது.

இனி ஒரு பக்கம் எழுதுங்கள். அறிக்கைகளில் இப்படி ஒரு வசனம் வரும்: 'வடிகாலமைப்பு முகாமைத்துவத்தில் நிறுவனங்களுக்கிடையிலான ஒருங்கிணைப்பு வலுப்படுத்தப்படல் வேண்டும்.' யாரும் எதிர்க்கமாட்டார்கள், யாரும் செய்யவும் மாட்டார்கள். நீங்கள் எழுதவேண்டியது: 'ஒழுங்கை வடிகான் பிரதான வீதியில் சேரும் இடத்தை, ஒக்டோபர் முடிவதற்குள் மாநகர சபையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் சேர்ந்து துப்புரவாக்கவேண்டும்.' ஆனால் ஆய்வில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. ஆய்வாளர் 'இருக்கலாம்' என்றதை நீங்கள் 'இருக்கிறது' ஆக்கினால் அடுத்தமுறை உங்களை யாரும் நம்பமாட்டார்கள்.

எழுதியதைப் பக்கத்து வீட்டு மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள். "சரி மகன், இப்ப நான் ஆரிட்டப் போய்க் கேக்கிற?" என்று அவர் கேட்டால் அந்தப் பக்கம் இன்னும் முடியவில்லை. திருத்துங்கள்.

அப்புறம் நேரம். இங்கே மாரிமழை நவம்பரில் இறுகும். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டமும் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் உருவாகும். ஆகவே செப்டெம்பரிலேயே வட்டார உறுப்பினரிடமும் பொறியியலாளரிடமும் கொடுங்கள். டிசம்பரில் வெள்ளப் படங்களோடு போனால் நிவாரணப் பேச்சுத்தான் நடக்கும், வடிகான் பேச்சு நடக்காது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மூல ஆவணம், உங்கள் ஒரு பக்கம், அதன் ஆங்கிலப் பிரதி, கொடுத்தபின் என்ன நடந்தது என்ற சிறு குறிப்பு எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து அனுப்புங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், எந்த மேசையில் நின்றுபோனது என்பதோடு.