குடியிருப்புப் பகுதிக் காபிக்கடைகளையும் பேக்கரிகளையும் தேடிச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருநகரத்தின் பிரதான சாலைகளை விட்டு விலகி, வீடுகளுக்கு நடுவே இருக்கும் சிறு காபிக்கடைகளையும் பேக்கரிகளையும் தேடிப் போகிறவர்களில் பலர் ஏமாற்றத்துடன் திரும்புகிறார்கள். பல சமயம் அதற்குக் காரணம் கடையின் தரம் அன்று. தமக்குத் தோதான நேரத்தில் கடைக்குள் நுழைந்து, வேறொரு நேரத்தில் மட்டுமே அங்கே கிடைப்பதை எதிர்பார்ப்பதுதான் காரணம். அடுப்புக்கும், வறுத்த காபிக்கொட்டைக்கும், ஆற வேண்டிய ரொட்டிக்கும் தனித்தனி நேரக்கணக்கு உண்டு. அந்தக் கணக்கைக் கவனிக்காமல் விடுவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

பேக்கரிக்குப் பிற்பகலில் போய் அதன் தரத்தைத் தீர்மானிப்பது அவற்றில் முதன்மையானது. பல பேக்கரிகளில் முந்தைய நாளே மாவு பிசைந்து புளிக்க வைக்கப்படுகிறது. ஊர் உறங்கும்போதே அடுப்பு மூட்டப்பட்டு, விடியும்போது முதல் ஈடு தட்டுக்கு வந்துவிடுகிறது. நான் ஒரு முறை மாலை நான்கு மணிக்கு ஒரு சிறிய கடைக்குப் போய், வெண்ணெய் அடுக்குகள் வைத்துச் சுடும் பிறைவடிவப் பண்டமான குரோசான் ஒன்று வாங்கினேன். அது ஈரத்துணியைப் போலத் துவண்டு கிடந்ததால், இனி அந்தக் கடைப் பக்கம் வர வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் நண்பர் வற்புறுத்தியதால் மறு வாரம் காலை ஏழு மணிக்கு மீண்டும் போனேன். அதே பண்டத்தைப் பிய்த்தபோது மேல்தோல் சருகுபோல நொறுங்கிச் சட்டையெல்லாம் சிதறியது. உள்ளே தேனடையைப் போன்ற அறைகள் தெரிந்தன. வெண்ணெயை மாவுக்குள் வைத்து மும்மடிப்பாக மூன்று முறை மடித்துத் தேய்த்தால் 27 வெண்ணெய் அடுக்குகள் உண்டாகும். அடுப்பின் சூட்டில் எழும் நீராவி அந்த அடுக்குகளைப் பிரித்து உப்பச் செய்கிறது. ஆனால் உள்ளே மிஞ்சியிருக்கும் ஈரம் நேரம் செல்லச் செல்ல மேல்தோலுக்குப் பரவுவதால், காலையில் மொறுமொறுப்பாக இருந்தது மாலையில் துவண்டுவிடுகிறது. இதில் செய்தவரின் குறை எதுவும் இல்லை. ஆகவே ஒரு பேக்கரிக்கு முதன்முறை போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த ஈடு எத்தனை மணிக்கு வெளிவரும்?" என்பதுதான்.

புதிதாக வந்ததை உடனே அறுக்கக் கேட்பது இதற்கு நேர் எதிரான தவறு. அடுப்பிலிருந்து எடுத்த பெரிய ரொட்டியின் அருகே காதை வைத்தால் மெல்லிய நெறிநெறிப்பு கேட்கும். மேலோடும் உட்பகுதியும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் எழும் ஒலி அது. அந்த நேரத்தில் உள்ளிருக்கும் மாச்சத்து இன்னும் இறுகியிருக்காது. கத்தி பட்டால் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். முழு ரொட்டிக்குக் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆற இடம் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் குளிர்பெட்டியில் வைக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். ரொட்டி விறைப்பது அது உலர்வதால் மட்டுமன்று. மாச்சத்து மீண்டும் படிகமாவதால்தான் பெரும்பகுதி விறைப்பு வருகிறது. உறையாத குளிரில், அதாவது குளிர்பெட்டியின் சாதாரண அறையில், இந்த மாற்றம் அறை வெப்பநிலையில் நடப்பதைவிட விரைவாக நடக்கிறது. இரண்டு நாளில் தீராது என்று தோன்றினால் துண்டுகளாக்கி உறைபெட்டியில் வைத்து, வேண்டும்போது நேரடியாகச் சூடாக்குவதே நல்லது.

காபிக்கடையில் நடக்கும் பெரிய தவறு, முதல் நாளே பட்டியலில் உள்ள அலங்காரமான பானத்தைக் கேட்பது. பாலும் இனிப்புப் பாகும் நுரையும் சேர்ந்த கோப்பையில் கொட்டையின் குணமும் தெரியாது, கடைக்காரரின் கைப்பக்குவமும் தெரியாது. எஸ்பிரெசோவோ (அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி இறக்கும் சிறு கோப்பைக் கடுங்காபி) பால் சேர்க்காத வெறும் வடிகட்டிய காபியோ கேட்டு, சர்க்கரை போடாமல் இரண்டு மிடறு பருகிய பிறகு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் நட்டமே: சற்று ஆறிய பிறகே காபியின் இனிப்பும் புளிப்பும் பிரிந்து தெரியும். பாலில் செய்த பானத்தை "நல்ல சூடாக" என்று வற்புறுத்திக் கேட்பவர்கள், பாலை ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி செல்சியசில் நிறுத்துவதற்குக் காரணம் இருப்பதை அறிய வேண்டும். 70 டிகிரியைத் தாண்டினால் காய்ச்சிய பாலின் வாடை தூக்கலாகிவிடும்.

கொட்டை வாங்கும்போது காலாவதித் தேதியை மட்டும் பார்ப்பவர்கள் வறுத்த தேதியைத் தேடுவதில்லை. வறுத்த கொட்டை சில நாட்கள் வரை கரியமில வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அது அடங்கிய பிறகு வரும் சில வாரங்களே அதன் நல்ல காலம். அரைத்துவிட்டால் மணம் வெகு வேகமாகப் பறந்துவிடும் என்பதால், வீட்டில் அரைக்க வசதி உள்ளவர்கள் முழுக்கொட்டையாகவே வாங்குவது நல்லது.

ஒரே நாளில் ஐந்தாறு கடைகளை முடித்துவிடத் திட்டமிடுவதை நான் சிறிதும் ஆதரிக்க மாட்டேன். மூன்றாவது கோப்பைக்கு மேல் நாக்கு வேறுபாடுகளைச் சொல்வதை நிறுத்திவிடுகிறது. உடலுக்கும் இதில் எல்லை உண்டு: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரையும், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் வரையும் பாதுகாப்புக் கவலை இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் மதிப்பிட்டது. 200 மில்லிலிட்டர் வடிகட்டிய காபியில் மட்டும் ஏறத்தாழ 90 மில்லிகிராம் இருப்பதாக அதே கணக்கு சொல்கிறது. குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலைக் கோப்பையின் விலையை இரவுத் தூக்கம் கொடுக்க நேரும். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஒரு காபிக்கடை, ஒரு பேக்கரி, இடையில் நல்ல நடை என்று வைத்துக்கொண்டால் போதும்.

இணையத்தில் பிறர் தரும் நட்சத்திர மதிப்பெண்களை மட்டும் நம்பிப் போவதும் பிழைதான்; கடையை நேரில் பார்த்தே சிலவற்றை அறியலாம். சிறிய அடுப்பு ஒன்றே உள்ள கடையில் நாற்பது வகைப் பண்டங்கள் அடுக்கப்பட்டிருந்தால், அவற்றில் சில வேறெங்கோ செய்து உறையவைத்து வந்தவையாக இருக்கலாம். மாறாக, மூடும் நேரத்தில் தட்டுகள் காலியாகக் கிடப்பது, அளவறிந்து செய்கிறார்கள் என்பதன் அடையாளம்.

காலை நெரிசலில் நாலு பேர் உட்காரும் மேசையை ஒருவரே மடிக்கணினியுடன் பிடித்துக்கொள்வதும், வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் வெளிப்படையான தவறுகள். அவற்றைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் தயங்காமல் கேட்டுவிட வேண்டும். கோதுமை மாவு காற்றிலேயே பரவி எல்லா மேசையிலும் படியக்கூடியது. எனவே "இதில் கோதுமை இருக்கிறதா?" என்று கேட்பது போதாது, "கோதுமை புழங்கும் அதே இடத்தில்தான் இதையும் செய்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். கொட்டைப் பருப்பு, எள் முதலியவற்றுக்கும் இதே கேள்வி பொருந்தும். கூட்டம் தணிந்த முற்பகலில் இதைக் கேட்டால், கடைக்காரர் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு நின்று நிதானமாகப் பதில் சொல்வார்.