சாண்டோரினியில் கல்யாணமா? விருந்தினர் வந்து சேரும் வழி

கிரீஸின் சாண்டோரினி தீவில் கல்யாணம் என்றால், பத்திரிகையோடு போக்குவரத்துக் குறிப்பையும் அனுப்பிவிடுங்கள். ஏதென்ஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கடல் வழியாக வந்தால் வேகக் கப்பலுக்குச் சுமார் 5 மணி நேரம், சாதாரணக் கப்பலுக்கு 8 மணி நேரம் வரை ஆகும். வயதானவர்கள் இருந்தால் சாதாரணக் கப்பலே தேவலை; அது பெரியது. வேகக் கப்பல் அலையில் ஆட்டி எடுத்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி எனும் வடக்குக் காற்று பலத்தால் கப்பல் ரத்தாவதும் உண்டு. அதனால் கல்யாணத்தன்று காலையில் வந்து இறங்கும் திட்டமே வேண்டாம்.

அப்புறம், தீவில் டாக்ஸி குறைவு. அதினியோஸ் துறைமுகத்திலிருந்து விருந்தினரை அழைத்துவர மினி பஸ் ஒன்றை முன்கூட்டியே பேசிவையுங்கள். தீவில் கல்யாணங்களுக்குப் பேர்போன ஈயா கிராமத்துக்குள் பெரும்பாலும் வண்டி போகாத படிக்கட்டுப் பாதைகள்தான். ஹீல்ஸ் பிரியர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.